முதுகில் ஒரு வாரம்: வாசனை அலர்ஜிக்குப் பேட்ச் டெஸ்ட் எடுக்கப் போகிறவர்களுக்கு

எனக்குக் காதுக்குப் பின்னால் ஆரம்பித்தது. பிறகு கழுத்து, அப்புறம் கண்ணிமை. காலையில் எழுந்தால் இமை இரண்டும் தடித்து, ஓரமெல்லாம் தோல் உரிந்து, கண்ணாடி பார்க்கவே மனசு வராது. கவரிங் நகையை விட்டேன். கத்திரிக்காய், கருவாடு, தக்காளி என்று யார் எதைச் சொன்னாலும் அதையும் விட்டேன். ரத்தத்தில் ‘அலர்ஜி பேனல்’ எடுத்ததில் இறால் ஆகாது என்று ஒரு தாள் வந்தது. நான் இறால் சாப்பிடுவதே இல்லை. இப்படியே இரண்டு வருடம் போனது. கடைசியில் முதுகில் பிளாஸ்டர் ஒட்டி ஐந்து நாள் காத்திருந்தபோதுதான் காரணம் தெரிந்தது. தலைக்குத் தேய்த்த எண்ணெயின் வாசனை.

சேலத்திலோ ஏற்காட்டிலோ இருந்துகொண்டு முதல் முறையாக இந்தச் சோதனைக்குப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். சோதனை வலிக்காது, ஊசி கிடையாது. ஆனால் கெடுத்துக்கொள்வது ரொம்பச் சுலபம். நான் முதல் முறை கெடுத்துக்கொண்டேன், அதையும் சொல்கிறேன்.

எந்தச் சோதனை என்பதைச் சரியாகக் கேளுங்கள்

அலர்ஜி டெஸ்ட் என்று பொதுவாகச் சொன்னால் மூன்று விதமான சோதனைகளில் ஏதோ ஒன்றுக்கு அனுப்பிவிடுவார்கள். கையில் ஊசியால் லேசாகக் குத்தி இருபது நிமிடத்தில் பார்ப்பது பிரிக் டெஸ்ட். தும்மல், மூச்சிரைப்பு, சாப்பிட்டவுடன் வரும் தடிப்பு போன்றவற்றுக்கு அது. ரத்தத்தில் ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தைப் பார்ப்பதும் கிட்டத்தட்ட அதே வகை. வாசனைப் பொருள் தோலில் பட்டு ஓரிரு நாள் கழித்து வருகிற அரிப்பு வேறு வகை. ரத்தத்திலுள்ள டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் அந்தப் பொருளை அடையாளம் கண்டு, கூடி வந்து, தோலைப் புண்ணாக்க ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். அதனால் இதை இருபது நிமிடத்திலும் பார்க்க முடியாது, ரத்தத்திலும் பார்க்க முடியாது. தோலிலேயே பொருளை வைத்துக் காத்திருப்பதுதான் வழி. அதுதான் பேட்ச் டெஸ்ட். 1895இல் யோசஃப் யாடசோன் என்ற தோல் மருத்துவர் பாதரசத்துக்கு இப்படிச் செய்து காட்டினார். அடிப்படை இன்றும் மாறவில்லை.

தலைச்சாய டப்பாவில் ‘பேட்ச் டெஸ்ட் செய்து பார்க்கவும்’ என்று போட்டிருப்பார்கள். அது வீட்டில் கொஞ்சம் தடவிப் பார்ப்பது. நான் சொல்வது தோல் மருத்துவரிடம் செய்வது. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், அதனால் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

யார் போகலாம்? மருந்து போட்டால் அடங்கி, விட்டால் திரும்ப வருகிற அரிப்பு உள்ளவர்கள். வருகிற இடமும் ஒரு துப்பு. அக்குளின் நடுக்குழியில் வந்தால் டியோடரன்ட் மேல் சந்தேகம். குழியை விட்டுவிட்டுச் சுற்று ஓரத்தில் வந்தால் துணி, துணிச் சாயம் மேல் சந்தேகம். கண்ணிமைத் தோல் மிக மெல்லியது. கையில் பட்டதும், தலையிலிருந்து வழிந்ததும், காற்றில் வந்ததும் முதலில் அங்கேதான் காட்டும். நெற்றி நடுவில் மட்டும் என்றால் குங்குமம் அல்லது ஸ்டிக்கர் பொட்டின் பசை. நீங்கள் எதுவுமே பூசாமல் கழுத்திலும் கன்னத்திலும் வந்தால், வீட்டுக்காரர் அடித்துக்கொள்கிற சென்ட்டையும் கணக்கில் சேருங்கள். பக்கத்தில் படுப்பவரிடமிருந்து ஒட்டிக்கொண்டு வருவது உண்டு.

நாள் பார்ப்பது

பஞ்சாங்கம் பார்ப்பதைவிட முக்கியமானது இது. சேலத்தில் சித்திரை, வைகாசியில் இந்தச் சோதனையை வைத்துக்கொள்ளாதீர்கள். நான் சித்திரையில்தான் போனேன். ஒட்டிவிட்டு, பேருந்தில் இரண்டு முறை ஏறி இறங்கி வீடு வருவதற்குள் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இரவு மின்வெட்டு வேறு. மறுநாள் காலையில் பிளாஸ்டரின் கீழ்வரிசை முழுதும் கழன்று தொங்கியது. வியர்வை உள்ளே போய்விட்டால் மருந்தும் கரைந்து பக்கத்துக்கு ஓடும். எது எங்கே பட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. பணம் போனது. மறுபடி மார்கழியில் எடுத்தேன். அப்போது பிளாஸ்டர் ஒரு ஓரம்கூட எழும்பவில்லை.

ஆக, ஐப்பசி முதல் தை, மாசி வரை நல்லது. அவசரமென்றால் கோடையிலும் எடுக்கலாம், ஆனால் அந்த இரண்டு நாளும் மின்விசிறியை விட்டு நகராமல் இருக்கும்படி விடுப்பு எடுங்கள். ஏற்காட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. சேலத்தில் ஒட்டிக்கொண்டு மலை ஏறிவிட்டால் குளிரில் வியர்க்காது. ஒன்றே ஒன்று, அந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் முதுகு இருக்கையில் உரசும். முன்னால் சாய்ந்து, எதிர் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். காபித் தோட்டத்தில் கூடையோ மூட்டையோ முதுகில் சுமக்கிற வேலை என்றால் அந்த வாரம் வேண்டாம்.

கிழமையும் உண்டு. திங்கள் ஒட்டினால் புதன் எடுத்துப் பார்ப்பார்கள், வெள்ளி மறுபடி பார்ப்பார்கள். வியாழன் ஒட்டினால் இரண்டாவது பார்வை திங்களில் விழும், அதுவும் சரிதான். புதன் ஒட்டினால் ஞாயிறு குறுக்கே வரும். நேரம் வாங்கும்போதே மூன்று வருகைகளையும் எழுதி வாங்கிவிடுங்கள். மூன்று நாளும் வர முடியாது என்றால் ஒட்டவே வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் சில தனியார் தோல் மருத்துவர்களிடமும் செய்வார்கள். எல்லாத் தோல் மருத்துவரிடமும் ஒட்டிப் பார்ப்பதற்கான மருந்துத் தொகுதி இருப்பதில்லை. குளிர்பெட்டியில் வைத்துக் காக்க வேண்டிய, தேதி முடிகிற சரக்கு அது. முன்கூட்டியே போன் செய்து இரண்டு கேள்வி கேளுங்கள்: “பேட்ச் டெஸ்ட் இங்கேயே செய்கிறீர்களா? நான் கொண்டு வருகிற பொருளையும் சேர்த்து ஒட்டுவீர்களா?”

மருந்துகள்

ஸ்டிராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அது டி செல்களையே அமுக்கிவிடும், அலர்ஜி இருந்தும் இல்லை என்று காட்டும். நீங்களாக நிறுத்தவும் கூடாது. எப்போது குறைப்பது, எவ்வளவு குறைப்பது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். முதுகில் ஸ்டிராய்டு கிரீம் பூசுவதை ஒரு வாரம் முன்பே விட வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் பூசுகிற ‘படை கிரீம்’ பலவற்றில் ஸ்டிராய்டு இருக்கிறது, எனவே டியூபையே எடுத்துப் போய்க் காட்டுங்கள். பெயரில்லாத பொட்டலப் பொடி ஏதாவது சாப்பிட்டாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அரிப்புக்குப் போடுகிற செட்டிரிசின் மாதிரி மாத்திரையைப் பொதுவாக நிறுத்தத் தேவையில்லை. அதை நிறுத்தச் சொல்வது பிரிக் டெஸ்டுக்குத்தான். கர்ப்பமாக இருந்தால் பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு என்று தள்ளி வைப்பார்கள். உடம்பெல்லாம் அரிப்பு கொதித்துக்கொண்டிருக்கும்போதும் செய்யக் கூடாது. அப்போது முதுகு எதைத் தொட்டாலும் சிவக்கும், பத்துப் பொருளுக்கும் அலர்ஜி என்று பொய்யாகக் காட்டும்.

பையில் என்ன எடுத்துப் போவது

முந்தின நாள் ஒரு கட்டைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். குளியலறை, கண்ணாடி முன்னால், பூஜை அலமாரி, சமையலறைத் தொட்டி என்று போங்கள். நான் போட்டவை: தலை எண்ணெய், பவுடர், முகக் கிரீம், ஷாம்பு, துணி துவைக்கிற லிக்விட், பாத்திரம் கழுவும் சோப்பு, ஜவ்வாது டப்பா, குங்குமம், ஊதுபத்தி, அத்தை முழங்கால் வலிக்குத் தேய்க்கிற தைலம். கடைசியாக, ஏற்காட்டு ஏரிக்கரையில் மூன்று வருடத்துக்கு முன் வாங்கிப் பாதி தீர்ந்த ஒரு குட்டி எண்ணெய் பாட்டில்.

“இதெல்லாம் இயற்கைதானே, இதை எதுக்கு எடுத்துப் போற?” என்று அத்தை கேட்டார். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். பூவிலிருந்தோ தோலிலிருந்தோ இலையிலிருந்தோ இறக்கிய எண்ணெயும் அலர்ஜி தரும். அதிலும் பழைய பாட்டில் மோசம். ஆரஞ்சுத் தோலில் நிறைய இருக்கிற லிமோனீன், லாவெண்டரில் இருக்கிற லினலூல் இரண்டும் புதிதாக இருக்கும்போது அவ்வளவாகத் தோலைத் தொந்தரவு செய்யாதவை. மூடியைத் திறந்து திறந்து காற்றுப் பட்டால் ஆக்சிஜனோடு சேர்ந்து ஹைட்ரோபெராக்சைடு என்ற பொருளாகிவிடும், அதுதான் வலுவான அலர்ஜி தருவது. அதனால் பாட்டிலை எப்போது திறந்தீர்கள் என்பதும் மருத்துவருக்குத் தேவையான தகவல்.

வேறு டப்பாவுக்கு மாற்றாமல், லேபிளோடு எடுத்துப் போங்கள். லேபிள் கிழிந்திருந்தால் கடையில் அதே பொருளின் உறையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சோப்பு, ஷாம்பு, துணி லிக்விட் போன்ற கழுவி விடுகிற பொருட்களை அப்படியே ஒட்ட மாட்டார்கள். இரண்டு நாள் மூடி வைத்தால் யாருக்கும் தோல் வெந்துபோகும். அதை வைத்து அலர்ஜி என்று சொல்ல முடியாது. நீர்க்கச் செய்து ஒட்டுவதா வேண்டாமா என்பது மருத்துவர் முடிவு. இந்தக் காரணத்துக்காகவே வீட்டில் நீங்களாகத் தைலத்தை நேராக முதுகில் வைத்துக் கட்டிப் பார்க்காதீர்கள். புண்ணாகும், சில சமயம் அதுவரை இல்லாத அலர்ஜியே புதிதாக வந்துவிடும்.

ஒட்டுகிற நாள்

முந்தின நாளே தலைக்கு ஊற்றிக்கொள்ளுங்கள், அடுத்த தலைக்குளியல் வெள்ளிக்கிழமைக்கு அப்புறம்தான். எண்ணெய்க் குளியல் வேண்டவே வேண்டாம். முதுகில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிளாஸ்டர் நிற்காது. பவுடர், லோஷனும் கூடாது. முதுகில் முடி அதிகமுள்ள ஆண்கள் ஓரிரு நாள் முன்பே கத்தரித்துக்கொண்டு போவது நல்லது. பழைய பருத்திச் சட்டையோ முன்பக்கம் பொத்தான் வைத்த தளர்ந்த மேலாடையோ போட்டுப் போங்கள். அடையாளத்துக்குப் போடுகிற மை துணியில் பிடித்தால் போகாது.

மேல் முதுகில், தண்டெலும்புக்கு இரண்டு பக்கமும் ஒட்டுவார்கள். பிளாஸ்டரில் எட்டு மில்லிமீட்டர் அகலச் சின்னத் தட்டுகள் வரிசையாக இருக்கும், பார்த்தால் மாத்திரை அட்டை ஞாபகம் வரும். ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு வாசலின் மாதிரிப் பசையில் கலந்த ஒரு பொருள். இந்தியாவில் வழக்கமான அடிப்படைத் தொகுதியில் ஏறக்குறைய 20 பொருள் இருக்கும்: நிக்கல், தலைச்சாயத்தில் வருகிற பிபிடி, ரப்பர் பொருட்கள், பார்த்தீனியம் செடி, அதோடு வாசனைக் கலவை. அழகுப் பொருள், வாசனைக்கென்று தனித் தொகுதியும் உண்டு. சந்தேகம் வாசனை மேல் என்றால் அதையும் கேளுங்கள்.

‘வாசனைக்கலவை 1’ என்பதில் எட்டுப் பொருள். கிராம்பில் இருக்கிற யூஜினால், பட்டையில் இருக்கிற சின்னமால், ரோஜா வாசம் தருகிற ஜெரானியால், ஹைட்ராக்ஸிசிட்ரோனெல்லால், ஓக்மாஸ் எல்லாம் அதில் வரும். ஓக்மாஸ் என்பது ஐரோப்பாவில் மரப்பட்டையில் வளர்கிற லைக்கன், நாம் பிரியாணியில் போடுகிற கல்பாசிக்கு ஒரு வகையில் பங்காளி. ‘வாசனைக்கலவை 2’ என்பதில் ஆறு: எலுமிச்சம்புல் வாசம் தருகிற சிட்ரல், கூமரின், சிட்ரோனெல்லோல், ஃபார்னசால் போன்றவை. தனியாகப் பெரு பால்சம் என்ற பிசினும் வைப்பார்கள். இந்த மூன்றும் வாசனை அலர்ஜி உள்ளவர்களில் பெரும்பாலானவர்களைக் கண்டுபிடித்துவிடும், எல்லாரையும் அல்ல. அதனால்தான் உங்கள் பையும் வேண்டும்.

வரிசை எண்ணை எழுதி முடித்ததும் போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். எனக்கு ஒட்டிய செவிலியர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “அக்கா, இன்னையிலிருந்து இந்த முதுகு உங்களுது இல்லைன்னு நெனச்சுக்கங்க. நனைக்கறதும் கூடாது, சொறியறதும் கூடாது.”

அந்த நாட்கள்

முதல் நாள் ஒன்றும் தெரியாது. இரண்டாம் நாள் எங்காவது ஒரு புள்ளியில் ஊறல் எடுக்கும், அது நல்ல செய்தி என்றே வைத்துக்கொள்ளுங்கள். இடுப்புக்குக் கீழே மட்டும் குளியுங்கள், மேலே ஈரத்துணியால் முன்பக்கம், கை, அக்குள் துடைத்துக்கொள்ளுங்கள். முந்தானையை முதுகில் இழுத்துச் சொருகாதீர்கள். குழந்தையை முதுகில் ஏற்றாதீர்கள். வீடு கூட்டுவது, துணி அலசுவது, தோசைக்கல் முன் நிற்பது எல்லாவற்றையும் அந்த ஐந்து நாள் வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும். ஒருக்களித்துப் படுங்கள். வீட்டில் விசேஷம் என்றால் சந்தனம், பன்னீர் பக்கம் போக வேண்டாம். ஓரம் எழும்பினால் பிய்த்து ஒட்டாமல், மேலே ஒரு துண்டு பேப்பர் டேப் வைத்து அழுத்துங்கள். எரிச்சல் தாங்க முடியாமல் போனால், அந்த ஒரு பிளாஸ்டரை மட்டும் எடுத்துவிட்டு, எடுத்த நேரத்தைக் குறித்துவைத்து மருத்துவரைக் கூப்பிடுங்கள். மூச்சிரைப்பு, முகவீக்கம் எல்லாம் இதில் மிக மிக அரிது. வந்தால் காத்திருக்காமல் பக்கத்து மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

48 மணி நேரம் கழித்து எடுப்பார்கள். எடுத்தவுடன் பார்க்க மாட்டார்கள். பிளாஸ்டர் இழுத்த சிவப்பு அடங்கக் கொஞ்ச நேரம் உட்கார வைப்பார்கள். எனக்குப் புதன்கிழமை ‘வாசனைக்கலவை 1’ இருந்த இடத்தில் லேசாக ஒரு சிவப்பு, அவ்வளவுதான். வேறொரு இடத்தில், நான் கொண்டுபோன பாத்திரச் சோப்பை நீர்க்கச் செய்து வைத்த இடத்தில், நல்ல சிவப்பு. சோப்புதான் காரணம் என்று மனசுக்குள் முடிவே கட்டிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை எல்லாம் தலைகீழாகிவிட்டது. சோப்பு இடம் மங்கிப்போயிருந்தது. வாசனைக்கலவை இடம் தடித்து, மேலே கடுகளவு நீர்க்கொப்புளங்கள் நாலைந்து. அதற்கு இரண்டு தட்டு தள்ளி, புதன்கிழமை வெறும் தோலாக இருந்த இடத்தில் என் தலை எண்ணெய் ஒரு ரூபாய் வட்டத்துக்கு எழும்பி நின்றது. மங்கிக்கொண்டே போவது வெறும் எரிச்சல், ஏறிக்கொண்டே போவது அலர்ஜி. பொதுவாக இப்படித்தான் பிரித்துப் பார்க்கிறார்கள். புதனோடு நான் நின்றிருந்தால் பாத்திரச் சோப்பை மாற்றிவிட்டு, அதே எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே இருந்திருப்பேன். இரண்டாவது பார்வைக்குக் கட்டாயம் போங்கள் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான். பஸ் கிடைக்கவில்லை, மழை, பிள்ளைக்குப் பரீட்சை, எதற்காகவும் அதை விடாதீர்கள். சில பொருட்கள் ஏழாம் நாள்கூட எழும்பும். வெள்ளிக்கு அப்புறம் ஏதாவது புதிதாகத் தெரிந்தால் படம் எடுத்து அனுப்புங்கள்.

தாளைப் படிப்பது

ஒரு கூட்டல் குறி என்றால் சிவந்து லேசாகத் தடித்தது. இரண்டு என்றால் சின்னக் கொப்புளம். மூன்று என்றால் பெரிய கொப்புளம், ஓரம் தாண்டிப் பரவியது. கேள்விக்குறியோடு வருவது சந்தேகம். ஐஆர் என்று எழுதினால் எரிச்சல் மட்டும். கூட்டல் வந்த எல்லாமே உங்கள் அரிப்புக்குக் காரணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நிக்கலுக்குக் கூட்டல் வந்து, உங்களுக்கு அரிப்பு இமையில் மட்டும் என்றால், அது பழைய காதணிக் கதையாக இருக்கலாம். “இதில் எது இப்போதைய அரிப்போடு பொருந்துகிறது?” என்று நேராகக் கேளுங்கள். பெரு பால்சத்துக்குக் கூட்டல் வந்த சிலருக்குப் பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல் சாப்பிட்டாலும் அரிப்பு ஏறும். எல்லாருக்கும் இல்லை. நான் செய்ததுபோல நீங்களாகச் சாப்பாட்டை விட்டுவிடாதீர்கள்.

எழும்பிய இடத்தில் அரிப்பு ஓரிரு வாரம் இருக்கும். நம் நிறத்துக்குக் கருமை சில மாதம் நிற்கும், மெல்ல மங்கிவிடும்.

வீட்டை மாற்றுவது

ஒரே நாளில் எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டாம். தோலில் தங்குகிற பொருட்களை முதலில் மாற்றுங்கள்: எண்ணெய், கிரீம், பவுடர், டியோடரன்ட். கழுவி விடுகிறவை அடுத்து. காற்றில் வருகிற ரூம் ஸ்ப்ரே, ஊதுபத்தியை நிறுத்திப் பார்ப்பதும் இமைக்காரர்களுக்கு அவசியம். எங்கள் வீட்டில் இப்போது நல்லெண்ணெய் விளக்கு மட்டும். அத்தைதான் முதலில் ஊதுபத்தியை எடுத்து வைத்தார்.

லேபிளில் ‘பர்ஃபியூம்’, ‘ஃபிராக்ரன்ஸ்’, ‘அரோமா’ மூன்றும் ஒன்றுதான். ‘அன்சென்டட்’ என்று போட்டிருந்தாலும் உள்ளே வேறு நாற்றத்தை மறைக்க வாசனை சேர்த்திருக்கலாம். ‘ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ’ என்று போட்டதையே எடுத்து, பின்பக்கமும் படியுங்கள். ஐரோப்பாவில் 2005 முதல் 26 வாசனைப் பொருட்களைப் பெயர் சொல்லி அச்சிட வேண்டும். தோலில் தங்கும் பொருளில் 0.001 சதவீதம், கழுவி விடுவதில் 0.01 சதவீதம் தாண்டினாலே கட்டாயம். 2023இல் அந்தப் பட்டியலை 80க்கு மேல் நீட்டினார்கள். நம் ஊர்ப் பொருள் பலவற்றில் வெறும் ‘பர்ஃபியூம்’ என்றுதான் இருக்கும். அப்போது எது உள்ளே என்று தெரியாது, விட்டுவிடுவதே நல்லது. செக்கு எண்ணெயில் வாசனை சேர்க்கவில்லை என்றால் அது போதும். எனக்கு இப்போது வெறும் தேங்காய் எண்ணெய்தான்.

புதிதாக ஒரு கிரீம் வாங்கினால் நேராக முகத்துக்குப் போகாதீர்கள். முழங்கை மடிப்பில், ஐந்து சென்டிமீட்டர் சதுரத்தில், காலை மாலை இரண்டு வேளை, ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை பூசிப் பாருங்கள். இடையில் சிவந்தால் அன்றே நிறுத்துங்கள். ஒன்றும் வராவிட்டால் பிறகு கழுத்து, கடைசியில் முகம். இதுவும் கழுவாமல் தோலில் தங்கும் பொருளுக்குத்தான்.

மல்லியை விடச் சொல்வார்களோ என்றுதான் எனக்குப் பெரிய பயம். விடச் சொல்லவில்லை. தோல் நன்றாக ஆறிய பிறகு, ஒரு முழம் வைத்து இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கச் சொன்னார் மருத்துவர். வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஆடிப் பண்டிகைக்குக் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் பூ வைத்துக்கொண்டுதான் போனேன். உங்களுக்கு வேறு மாதிரி இருக்கலாம், மல்லிகைச் சாறும் அலர்ஜி தருகிற பொருள்தான். ஆறுவதற்கு முன் மட்டும் அவசரப்பட்டு வைத்துப் பார்க்காதீர்கள். வாசனையை நிறுத்திய பிறகும் எனக்கு இமை அடங்க ஆறு வாரம் ஆனது.

கடைசியாக, கூட்டல் வந்த பொருட்களின் பெயரை ஒரு அட்டையில் எழுதி, ஒரு படம் போனில் வையுங்கள், ஒன்று பர்ஸில் வையுங்கள். யூஜினாலுக்கு அலர்ஜி என்று வந்திருந்தால் பல் டாக்டரிடம் வாய் திறப்பதற்கு முன் அந்த அட்டையைக் காட்டுங்கள். பல்லில் தற்காலிகமாக அடைக்கிற ஒரு வகைச் சிமென்ட் கிராம்பெண்ணெய்ச் சத்தில்தான் குழைக்கப்படுகிறது. சொல்லிவிட்டால் அவர் வேறொன்றை எடுத்துக்கொள்வார்.